திருமயத்துக்காரருக்குக் கிடைக்காத ஓட்டு

2021 அக்டோபர். ஆயுத பூஜைக்குப் புதுக்கோட்டை போயிருந்தேன். மாமா வீட்டுத் திண்ணையில் பேச்சு வழக்கம்போல ஃபேக்டரி பக்கம் திரும்பியது. மாமா திருச்சி நவல்பட்டு துப்பாக்கி ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் பையனும் அங்கேதான். அந்த மாதம் 1ஆம் தேதிதான் நாட்டில் இருந்த 41 ஆர்டினன்ஸ் ஃபேக்டரிகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்திருந்தார்கள். நவல்பட்டு ஒரு கம்பெனிக்கு, பக்கத்திலேயே இருக்கும் எச்.ஏ.பி.பி. வேறொரு கம்பெனிக்கு.

"மாப்ள, நீதான் நெட்ல எல்லாத்தையும் நோண்டுவியே. எழுபதாயிரம் பேரை ஒரே நாள்ல கம்பெனி ஆளா மாத்திட்டாங்க. பார்லிமெண்டுல ஒருத்தனாச்சும் எந்திரிச்சு என்னன்னு கேட்டானா?"

பார்த்துச் சொல்றேன் மாமா என்றேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன். ஆனால் பக் ஒன்றைத் தேடுபவன் லாக் ஃபைலில் பின்னால் பின்னால் போவது மாதிரி, 2021இல் தொடங்கிய தேடல் 1950, 1935, 1921 என்று போய் 1897இல்தான் நின்றது. நடுவில், எங்கள் ஊரிலிருந்து காரைக்குடி சாலையில் இருபது கிலோமீட்டர் தள்ளி, திருமயத்தில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கியது.

ராணுவச் செலவை மக்கள் பிரதிநிதிகள் கேள்வி கேட்பது என்ற விஷயம் நமக்கு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. மாமாவுக்கான பதில் கடைசியில் இருக்கிறது.

திருவையாறு, 1897

கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த பிறகும் இந்திய ராணுவத்தின் செலவை முடிவு செய்தது லண்டன், கட்டியது இந்தியக் கருவூலம். இது உள்ளூர்ப் பாதுகாப்பு மட்டும் என்றிருந்தால்கூட ஒருவகை நியாயம் பேசலாம். 1867-68இல் அபிசீனியாவுக்கு, அதாவது இன்றைய எத்தியோப்பியாவுக்கு, பிரிட்டன் படையெடுத்தபோது இங்கிருந்து சிப்பாய்கள் கப்பலேறினார்கள். அவர்களுடைய வழக்கமான சம்பளம் இந்தியக் கணக்கில் ஓடியது. 1882இல் எகிப்துக்குப் போன படைக்கும் இந்தியா பணம் கட்டியது. இது போக, பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவனைப் பயிற்சி கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பியதற்குத் தலைக்கு இவ்வளவு என்று லண்டன் போர்த்துறைக்கு ஒரு கட்டணம். இதற்குக் 'கேப்பிடேஷன்' கட்டணம் என்று பெயர். இன்று மெடிக்கல் காலேஜ் சீட்டுக்குச் சொல்கிற அதே சொல்தான்.

இந்தக் கணக்கை ஆராய 1895இல் வெல்பி பிரபு தலைமையில் ஒரு அரச ஆணையம் அமைந்தது. தாதாபாய் நவுரோஜி அதில் ஓர் உறுப்பினர். 1897இல் இந்தியாவிலிருந்து சாட்சி சொல்ல லண்டன் போனவர்கள் நால்வர்: கோகலே, தீன்ஷா வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி, நம் பக்கத்திலிருந்து ஜி. சுப்பிரமணிய ஐயர். ஹிந்து, சுதேசமித்திரன் இரண்டையும் தொடங்கிய திருவையாற்றுக்காரர். 1900இல் ஆணையம் அறிக்கை கொடுத்தது. சில செலவுகளில் பிரிட்டனும் பங்கெடுக்கட்டும் என்றது. செலவை யார் முடிவு செய்வது என்ற கேள்வியைத் தொடவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. ராணுவ வரவு செலவை வரி வரியாகப் படித்து, எதிரே உட்கார்ந்து இதற்கு ஏன் நாங்கள் பணம் கட்ட வேண்டும் என்று கேட்கிற பழக்கம் ஆரம்பித்தது. ஓட்டு கிடையாது, உத்தரவு போட முடியாது. சாட்சியாகப் போய்ப் பேசத்தான் முடியும்.

பழமார்நேரி, 1921

1919 சட்டத்தின்படி 1921இல் டில்லியில் மத்திய சட்டசபை வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்தான் பெரும்பான்மை. பட்ஜெட் அவர்கள் முன்னால் வரும், மானியக் கோரிக்கைகளுக்கு அவர்கள் ஓட்டுப் போடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சட்டத்தின் 67ஏ பிரிவைப் படித்தால்தான் விஷயம் புரியும். கடனுக்கு வட்டி, மேலதிகாரிகளின் சம்பளம், பென்ஷன், கிறிஸ்தவ மதகுருமார் செலவு, சமஸ்தான உறவுச் செலவு, பாதுகாப்பு ஆகியவை சபையின் ஓட்டுக்கு வராது. அதுமட்டுமில்லை, கவர்னர் ஜெனரல் அனுமதித்தால் ஒழிய அவற்றைப் பற்றி விவாதிக்கவும் முடியாது.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் 'ரைட்' அனுமதி அறவே கிடையாது, 'ரீட்' அனுமதிகூட அட்மின் மனசு வைத்தால்தான். அட்மின் வழக்கமாகப் பேச அனுமதித்தார் என்பது உண்மை. ஆனால் அது உரிமை இல்லை, தயவு.

அந்தக் காலத்தில் ராணுவச் செலவு மத்திய அரசின் வருமானத்தில் பாதிக்கு அருகில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மோசமாகி, 1922-23இல் செலவுக் குறைப்புக்காக இஞ்ச்கேப் பிரபு தலைமையில் ஒரு குழுவே போட வேண்டி வந்தது. ராணுவச் செலவை 57 கோடிக்கும், படிப்படியாக 50 கோடி ரூபாய்க்கும் இறக்கச் சொன்னது அந்தக் குழு. யோசித்துப் பாருங்கள், வீட்டு வருமானத்தில் பாதி போகிற செலவு. அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் ஓட்டு இல்லை.

இந்தச் சபையில்தான் தஞ்சை மாவட்டம் பழமார்நேரியில் பிறந்த பி.எஸ். சிவசாமி ஐயர் வருகிறார். திருக்காட்டுப்பள்ளியில் அவர் பெயரில் உள்ள பள்ளியைத் தெரிந்தவர்கள்கூட அவர் ராணுவ விஷயத்தில் நிபுணர் என்பதை அறிய மாட்டார்கள். வக்கீல், மிதவாதி, துப்பாக்கி பிடித்தவர் இல்லை. ஆனால் எஷர் குழுவின் அறிக்கையை உட்கார்ந்து முழுசாகப் படித்தார். இந்திய ராணுவத்தைப் பேரரசின் பொதுப்படையின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளும் நோக்கம் அந்த அறிக்கையில் ஓடியது.

1921 மார்ச் 28ஆம் தேதி அவர் அதன் மேல் அடுக்கடுக்காகத் தீர்மானங்களைக் கொண்டுவந்தார். சாரம் இதுதான்: இந்தியாவில் உள்ள படை இந்தியாவைக் காக்கவும் உள்நாட்டு அமைதிக்கும் மட்டுமே. ஆண்டுதோறும் கொடுக்கப்படும் அதிகாரிப் பதவிகளில் தொடக்கத்தில் 25 சதவீதமாவது இந்தியர்களுக்கு வேண்டும். அதற்கு முன்னால் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் இந்தியர்களுக்கு ஒதுக்கியது வருஷத்துக்குப் பத்தே இடம்!

சபை ஏற்றது. அரசு அவற்றைச் சிபாரிசாக எடுத்துக்கொண்டது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. இந்திய அதிகாரிகளுக்கென்று எட்டே எட்டுப் படைப்பிரிவுகளை ஒதுக்கியது 1923இல். டேராடூனில் ராணுவக் கல்லூரி திறந்தது 1932இல்தான்.

திருமயம், 1935

திருமயம் என்றால் கோட்டை. 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது என்று பள்ளிக்கூடச் சுற்றுலாவில் சொல்லிக் கொடுப்பார்கள். தீரர் சத்தியமூர்த்தி 1887 ஆகஸ்ட் 19இல் அங்கே பிறந்தவர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர். நாங்கள் அந்த ஊரில் எத்தனையோ முறை கோட்டை ஏறியிருக்கிறோம், பீரங்கி மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்திருக்கிறோம். அந்தப் பெயரை ஒருமுறைகூட ராணுவத்தோடு சேர்த்து யோசித்ததில்லை. காமராஜரின் குரு, பூண்டி நீர்த்தேக்கம், சென்னையில் சத்தியமூர்த்தி பவன், அவ்வளவுதான் தெரியும்.

1934 தேர்தலில் அவர் சென்னை நகரத் தொகுதியில் நின்று, நீதிக்கட்சியின் பெரிய தலையான ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து டில்லி சட்டசபைக்குப் போனார். இதில் ஒரு வேடிக்கை. அவர் பிறந்த ஊர்க்காரர்கள் யாரும் அவருக்கு ஓட்டுப் போட்டிருக்க முடியாது. திருமயம் தொண்டைமான் சமஸ்தானம். சமஸ்தானத்துக்கு டில்லி சபையில் இடமே இல்லை. ஆக, பிரதிநிதி இல்லாத ஊரில் பிறந்தவர், ஓட்டு இல்லாத செலவைப் பற்றிப் பேசப் போகிறார்.

1935 ஜனவரியில் கூடிய அந்தச் சபையில் காங்கிரசே பெரிய கட்சி. தலைவர் புலாபாய் தேசாய். சத்தியமூர்த்தி முன்வரிசையில் இருந்தார், பின்னர் கட்சியின் துணைத் தலைவரும் ஆனார். அவருடைய ஆயுதம் கேள்வி நேரம். ஸ்கேன் செய்த பழைய விவாதத் தொகுதிகளை இரவு உட்கார்ந்து புரட்டியபோது எனக்கு முதலில் பிடிபட்டது இதுதான். ஒரு கேள்வி கேட்பார். அதிகாரி எழுதி வைத்த பதிலைப் படிப்பார். உடனே துணைக் கேள்வி. அந்தப் பதிலில் இருந்து இன்னொரு துணைக் கேள்வி. எழுதிக் கொண்டுவந்த தாளில் இல்லாத இடத்துக்கு எதிராளியை நகர்த்திக்கொண்டே போவார். ப்ரொடக்ஷனில் பிரச்சினை வந்தால் நாங்கள் 'ஏன், ஏன்' என்று ஐந்து தடவை கேட்போமே, அந்த மாதிரி.

ராணுவ விஷயத்தில் அவர் எதிரே யார்? சேனாதிபதிதான் வைஸ்ராய் நிர்வாக சபையின் ராணுவ உறுப்பினர். ஆனால் அவர் உட்கார்ந்தது மேல்சபையில். கீழ்ச்சபையில் பதில் சொல்ல ராணுவத்துறையின் செயலாளர் வருவார். அதாவது முடிவு எடுப்பவர் ஒருவர், கேள்வியை வாங்கிக்கொள்பவர் வேறொருவர். இன்றைக்கும் ஆபீசில் பார்க்கிற ஏற்பாடுதானே இது!

காங்கிரஸ் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்டவை மூன்று. ஒன்று, இந்தியாவில் சுமார் 60,000 பிரிட்டிஷ் சிப்பாய்கள் எதற்கு? ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் செலவு இந்தியச் சிப்பாயினுடையதைப் போல மூன்று நான்கு மடங்கு ஆயிற்றே? இரண்டு, அதிகாரிகள் எப்போது இந்தியர்கள் ஆவார்கள்? மூன்று, பேரரசுக்காக வைத்திருக்கும் படை என்றால் பேரரசு எவ்வளவு கொடுக்கிறது? மூன்றாவதற்கு 1933இல் ஒரு சிறு பதில் கிடைத்திருந்தது. காரன் தீர்ப்பாயம் என்ற அமைப்பு சொன்னதன் பேரில் பிரிட்டன் ஆண்டுக்கு 15 லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 2 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டது. அப்போது ராணுவச் செலவு வருஷத்துக்குச் சுமார் 45 கோடி.

குமாஸ்தாவுக்கு ஓட்டு உண்டு

ஓட்டே இல்லாத விஷயத்தில் இவர்கள் எப்படி ஓட்டெடுப்பு வரைக்கும் போனார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. விடை சுவாரசியமானது.

சிப்பாய், துப்பாக்கி, குதிரை, கோட்டை எல்லாம் 'பாதுகாப்பு' என்ற தலைப்பில் ஓட்டுக்கு வெளியே. ஆனால் டில்லியில் ராணுவத்துறை என்று ஒரு செயலகம் இருந்தது. அதில் சிவில் ஊழியர்கள், குமாஸ்தாக்கள், பேப்பர், மை, தபால் செலவு. சில லட்ச ரூபாய்தான். அது மற்ற செயலகங்களைப் போல மானியக் கோரிக்கையாகச் சபை முன்னால் வந்தது. பல கோடி ரூபாய்க்கு ஓட்டு கிடையாது, குமாஸ்தா சம்பளத்துக்கு உண்டு!

உறுப்பினர்கள் இந்தச் சின்னச் சன்னல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள். ராணுவத்துறைக் கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். அந்த 100 ரூபாயின் பேரில் மொத்த ராணுவக் கொள்கையையும் பேசுவார்கள். இருபதுகளில் மோதிலால் நேரு, ஜின்னா காலத்திலேயே இந்த உத்தி வந்துவிட்டது. சாஃப்ட்வேரில் இதை 'வொர்க்கரவுண்ட்' என்போம். பூட்டின கதவை உடைக்காமல் ஜன்னல் வழியாகப் போவது.

ஜெயித்தால் என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. சபை வெட்டியதைத் திரும்பச் சேர்க்கும் அதிகாரம் கவர்னர் ஜெனரல் ஆலோசனை சபைக்கு அதே 67ஏ பிரிவில் இருந்தது. 1935இல் அரசு பல வெட்டுத் தீர்மானங்களில் தோற்றது. அந்த ஆண்டு நிதி மசோதாவைச் சபை அரசு விரும்பியபடி நிறைவேற்றாதபோது வைஸ்ராய் வெலிங்டன் தன் சான்றிதழைப் போட்டுச் சட்டமாக்கினார். அடுத்த ஆண்டுகளிலும் அதே கதை.

கணக்குத் தணிக்கையிலும் இதே பூட்டுதான். 1921இலேயே பொதுக் கணக்குக் குழு வந்துவிட்டது. ஆனால் அதன் தலைவர் யார் தெரியுமா? நிதி உறுப்பினர், அதாவது செலவு செய்கிற அரசின் நிதி மந்திரியே. ராணுவக் கணக்கை அந்தக் குழுகூட நேரடியாகப் பார்க்கவில்லை. நிதிச் செயலாளர் தலைமையில் அதிகாரிகளே கொண்ட ராணுவக் கணக்குக் குழு ஒன்று முதலில் பார்த்துவிட்டு, அதன் அறிக்கையை இங்கே அனுப்பும். டெவலப்பரே தன் கோடைத் தானே டெஸ்ட் பண்ணி 'பாஸ்' போட்டுக்கொள்வது மாதிரி.

பிறகு எதற்குத்தான் இந்த மனிதர்கள் மார்ச் மாசம் தவறாமல் எழுந்து நின்றார்கள்? தோற்கப் போகிறோம், அல்லது ஜெயித்தாலும் அது செல்லாது என்று தெரிந்தே? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை. எனக்குத் தோன்றுவது இது. அவர்கள் பேசியது அன்றைய அரசுக்காக மட்டும் இல்லை. எண்களைப் பதிவில் ஏற்றினார்கள். பதில் சொல்ல மறுத்தால் மறுத்ததும் பதிவானது. நாளைக்கு ஓட்டு கையில் வரும்போது எதைக் கேட்க வேண்டும் என்ற பட்டியல் அங்கே தயாரானது.

சத்தியமூர்த்தி அந்த நாளைப் பார்க்கவில்லை. 1942 போராட்டத்தில் சிறை போய், உடம்பு கெட்டு, 1943 மார்ச் 28இல் சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார். சிவசாமி ஐயர் தீர்மானங்களைக் கொண்டுவந்ததும் ஒரு மார்ச் 28தான். சும்மா கண்ணில் பட்டது, அர்த்தம் ஒன்றும் இல்லை.

பட்டியலில் இல்லாத ஒரு சொல்

1950 ஜனவரி 26. அரசியல் சட்டத்தின் 112, 113 பிரிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய 67ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். புதிய சட்டத்திலும் ஓட்டுக்கு வராத செலவு உண்டு. 'தொகுநிதியின் மேல் சார்த்தப்பட்ட செலவு' என்று பெயர். ஜனாதிபதியின் ஊதியம், சபாநாயகர் சம்பளம், உச்சநீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், கடன் வட்டி. மதகுருமார் இல்லை. 'பாதுகாப்பு' என்ற சொல்லும் இல்லை. ஓட்டில்லாத செலவுகளைக்கூட விவாதிக்கலாம் என்றும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 1897இல் ஆரம்பித்த வழக்குக்கு ஒரு சொல்லை விட்டுவிட்டதன் மூலம் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

பொதுக் கணக்குக் குழுவும் மாறியது. நிதி மந்திரி வெளியே போனார், குழு சபாநாயகரின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. உடனே ஒரு ராணுவ ஒப்பந்தம் அதன் மேஜைக்கு வந்தது. காஷ்மீர்ச் சண்டை நேரத்தில், 1948இல், லண்டன் ஹை கமிஷனர் வி.கே. கிருஷ்ண மேனன் வழியாகப் பழைய ஜீப்புகள் வாங்கப் போட்ட ஒப்பந்தம். வந்து சேர்ந்தவை 155 ஜீப். அவையும் ராணுவத்துக்கு உதவாதவை. விசாரணை, பரிந்துரை, சபையில் சண்டை என்று ஓடி, 1955 செப்டம்பர் 30இல் அரசு இந்த விஷயத்தை முடித்துக்கொள்கிறது என்று உள்துறை மந்திரி கோவிந்த வல்லப பந்த் அறிவித்தார். 1956 பிப்ரவரியில் மேனன் மந்திரி ஆனார். 1935இல் சத்தியமூர்த்தியோடு அதே காங்கிரஸ் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான் பந்த். இடம் மாறினால் குரல் மாறுமா? மாறியிருக்கிறது.

ஆனாலும் அமைப்பு வலுவாகிக்கொண்டே வந்தது. 1967இலிருந்து பொதுக் கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்கு என்ற மரபு உருவானது. மசானி, வாஜ்பாய், அவர்களுக்குப் பிறகு 1971-73இல் தி.மு.க.வின் இரா. செழியன். திருக்கண்ணபுரத்துக்காரர், கும்பகோணம் எம்.பி. திருவையாறு, பழமார்நேரி, திருமயம், திருக்கண்ணபுரம். நம் பக்கத்து ஊர்கள் இந்தக் கதையில் வரிசையாக வருவது எனக்கு ஆச்சரியம்தான். 1897இல் சாட்சிக் கூண்டில் நின்ற ஊர்ப்பக்கத்தில் இருந்து 1971இல் தலைவர் நாற்காலிக்கு ஆள் போயிருக்கிறது.

போபர்சும் சொல்லியாக வேண்டும். 1986 மார்ச் 24இல் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம், அடுத்த ஆண்டு சுவீடன் வானொலி லஞ்சப் புகாரைக் கிளப்பியது. சங்கரானந்த் தலைமையில் கூட்டுக்குழு அமைந்தது. எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. 1988இல் அறிக்கை வந்தபோது, குழுவில் இருந்த அ.தி.மு.க.வின் ஆலடி அருணா அதை ஏற்காமல் மாற்றுக் கருத்து எழுதினார். அவர் கட்சி அப்போது ஆளும் காங்கிரசுக்குத் தோழமைக் கட்சி. 1989 ஜூலையில் வந்த தணிக்கை அதிகாரியின் அறிக்கை அரசைக் கடுமையாகக் கேட்டது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். ஒரு தணிக்கை அறிக்கைக்காக எம்.பி.க்கள் பதவியையே விட்ட காலம் ஒன்று இருந்தது.

கதவு திறந்திருக்கிறது

1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தன. பாதுகாப்புக்கும் ஒன்று, இன்று அதில் இரு அவைகளிலும் இருந்து 31 உறுப்பினர்கள். பட்ஜெட் வந்ததும் இவர்கள் ராணுவ அதிகாரிகளையும் துறைச் செயலாளர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்கள். சாமான் வாங்கியது, வாங்காதது, காலியிடம், சிவில் ஊழியர், பென்ஷன் எல்லாம் வரும். 2018 மார்ச்சில் வெளியான அறிக்கையில் ராணுவத் துணைத் தளபதி சரத் சந்த் சொன்னது பதிவாகியிருக்கிறது: தளவாடங்களில் 68 சதவீதம் பழசு. நவீனமயத்துக்கு ஒதுக்கியது 21,338 கோடி, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தவணைகளுக்கே 29,033 கோடி வேண்டும். சீருடையில் இருப்பவர் எம்.பி.க்கள் முன்னால் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது சத்தியமூர்த்தியால் கற்பனைகூடச் செய்ய முடியாதது.

அதே வாரத்தில், மார்ச் 14இல், மக்களவை எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளையும் அரைமணி நேரத்தில், ஒரு வார்த்தை விவாதம் இல்லாமல் நிறைவேற்றியது. பாதுகாப்புத் துறையும் அதில் உண்டு. இதற்குக் 'கில்லட்டின்' என்று பெயர். நேரம் முடிந்ததும் மிச்சமுள்ள கோரிக்கைகளை மொத்தமாக ஓட்டுக்கு விடுவது. முழு பட்ஜெட்டும் இப்படிப் போவது அரிது. ஆனால் 2023 மார்ச்சிலும் அமளிக்கு நடுவே அப்படித்தான் போனது.

2025-26க்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒதுக்கீடு 6.81 லட்சம் கோடி ரூபாய். சிவில், வருவாய்ச் செலவு, மூலதனம், பென்ஷன் என்று நான்கு கோரிக்கைகள். நான்குக்கும் ஓட்டு உண்டு. அன்று குமாஸ்தா சம்பளத்தில் 100 ரூபாயைப் பிடித்துத் தொங்கியவர்களுக்கு இது கிடைத்திருந்தால்!

மாமாவுக்குப் பதில்

இப்போது 2021க்கு வருகிறேன். மாமா கேட்ட கேள்விக்கு இரண்டு பதில்கள்.

அவையில், ரொம்பக் குறைவு. ஆர்டினன்ஸ் தொழிலாளர் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தன. ஜூன் கடைசியில் அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் அவசரச் சட்டம் வந்து வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. ஆகஸ்ட் 3இல் அது மசோதாவாக மக்களவையில், கூச்சலுக்கு நடுவே, குரல் ஓட்டில் நிறைவேறியது. ஆகஸ்ட் 5இல் மாநிலங்களவை. எழுபதாயிரம் குடும்பத்துக்கு அது ஒரு மழைக்காலக் கூட்டத்தொடரின் நடுப்பக்கம்.

குழுவில், கேட்டிருக்கிறார்கள். நிலைக்குழு அறிக்கைகளில் புதிய ஏழு நிறுவனங்களைப் பற்றித் தனிப் பகுதி உண்டு. ஊழியர்கள் 'டீம்ட் டெபுடேஷன்' என்ற ஏற்பாட்டில் மத்திய அரசு ஊழியர்களாகவே தொடர்வது, அது முதலில் இரண்டு வருஷம் என்று தொடங்கிப் பின்னால் நீட்டிக்கப்பட்டது எல்லாம் பொதுவெளியில் இருக்கிறது. குழு பரிந்துரை செய்தால் அரசு என்ன செய்தது என்று இன்னொரு அறிக்கை வரும். இலவசம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதைப் போன தீபாவளிக்கு மாமாவிடம் போனில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் செய்தார்.

"இவ்வளவு இருக்கா? சரி, இதப் படிச்சிட்டு நாங்க யார்ட்ட போய்க் கேக்குறது? நமக்குன்னு எம்.பி.யே இல்லையே."

அவர் சொன்னது சரி. புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி 2008 மறுசீரமைப்பில் போய்விட்டது. மாவட்டத்தை நான்காகப் பிரித்துவிட்டார்கள். புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியோடு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு, அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு, விராலிமலை கரூரோடு. அன்று சமஸ்தானம் என்பதால் டில்லியில் இடமில்லை, இன்று தனியாக ஒரு தொகுதி இல்லை.

"ஒருத்தர் இல்ல மாமா, நாலு பேர் இருக்காங்க" என்றேன். "டவுனும் ஃபேக்டரியும் ஒரே தொகுதி, திருச்சி. ஃபேக்டரி வேலைக்கு ஆளெடுப்பு எப்ப, காலியிடம் எத்தனைன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா அவர் எழுத்து மூலக் கேள்வியாப் போடலாம். பதில் சபைப் பதிவுல ஏறிடும்."

மாமா உள்ளே போய் ரூல் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். "சொல்லு, எப்படி ஆரம்பிக்கணும்?" என்றார்.

நான்கு கேள்விகள் எழுதினோம். கூரியர் பண்ணியாகிவிட்டது. பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.